பொம்மைக்குப் பதில் வீட்டுக்காரர்

முதலாளிக்குப் பல் வலி வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. முதலாளி என்றால் கடை வைத்திருக்கும் முதலாளி இல்லை, ஒன்பது வயது மகள். வீட்டில் எந்த நாற்காலி எங்கே இருக்க வேண்டும், எந்தக் கதவு எப்போது சாத்தியிருக்க வேண்டும், யார் எந்த டம்ளரில் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதையெல்லாம் அவள்தான் தீர்மானிப்பாள். வாய் திறந்து பேசுவது மட்டும் அபூர்வம். ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரை நாள் முழுக்க வேலை வாங்குகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அப்பா வைத்த பெயர் அது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

டாக்டர்கள் வைத்த பெயர் கொஞ்சம் நீளம். ஆட்டிசம், வளர்ச்சிக் குறைபாடு என்று அவளுடைய மூன்று வயதில் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். "இதைக் காட்டினா எங்கேயும் உதவி கிடைக்கும்" என்றும் சொன்னார்கள். ஆறு வருடம் அந்தக் காகிதத்தைக் காட்டிக் காட்டி அம்மாவுக்கு ஓர் உண்மை தெரிந்திருந்தது. எந்தக் கிளினிக்கில் நீட்டினாலும் கையோடு ஒன்று கிடைக்கும்: வேறொரு கிளினிக்கின் முகவரி.

இந்தப் பல்லுக்கும் அதேதான் நடந்தது. கீழ்க் கடைவாயில் சொத்தையான ஒரு பால் பல். ஈறு சீழ் கட்டி, கன்னம் உப்பிவிட்டது. முதல் கிளினிக்கில், "குழந்தை ஒத்துழைச்சா பாக்கலாம்" என்றார்கள். இரண்டாவதில் நான்கு பேர் கையையும் காலையும் பிடித்து அழுத்தினார்கள். "ஒரே நிமிஷம், ஒரே நிமிஷம்" என்று சொல்லிச் சொல்லி ஏழு நிமிடம் அழுத்தினார்கள். பல் அப்படியே இருந்தது, கிளினிக்கின் கண்ணாடி மேஜைதான் போயிற்று. மூன்றாவதில் வரவேற்பு மேஜையைத் தாண்டவே விடவில்லை. நான்காவது, பெரிய ஆஸ்பத்திரி. அங்கே பல் பிரிவின் தலைமை நர்ஸ் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முழு மயக்கம் கொடுத்துத்தான் எடுக்கணும். வரிசையில நாப்பத்திமூணு குழந்தைங்க இருக்காங்க. ஏழு மாசம் ஆகும்" என்றாள். சீழ் குறைய ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அதில் முக்கால்வாசியைக் குடித்தது வீட்டுச் சுவர்.

பன்னிரண்டு நாளாக முதலாளியின் வயிற்றுக்குள் போனது ஆறிய பாலும் தண்ணீரும்தான். வலி ஏறும்போது கன்னத்தைத் தானே முஷ்டியால் குத்திக்கொள்வாள். அம்மா குறுக்கே கை கொடுப்பாள். அம்மாவின் புறங்கை கன்றிப்போயிருந்தது. பார்சல் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து, வருகிற பெட்டியில் எல்லாம் 'உடையும் பொருள், கவனம்' என்று சீட்டு ஒட்டுகிற வேலை அவளுக்கு. ஒட்டும்போதெல்லாம், இந்தச் சீட்டுக்குப் பயந்து பெட்டியைப் பதமாகத் தூக்குகிறவர்கள் ஒரு பிள்ளையைத் தூக்கும்போது மட்டும் ஏன் இப்படி மாறிவிடுகிறார்கள் என்று எரிச்சலாக வரும்.

இந்த நிலையில்தான் வீட்டுக்காரர், அதாவது முதலாளியின் அப்பா, திங்கட்கிழமை சாயங்காலம் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார். அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. பெரிய ஆஸ்பத்திரியின் லிஃப்ட்டும் அவர் பொறுப்புதான்.

"முதலாளிக்குத் தேதி வாங்கிட்டேன். புதன்கிழமை!"

"ஏழு மாசம்னு சொன்னாங்களே?"

"அது சாதாரண மனுஷங்களுக்கு. நான் இப்ப அங்க பயிற்சி குடுக்கிற ஆளு."

அவர் சொல்லிய கதையில் அவருடைய வழக்கமான ஜோடனைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நடந்தது இதுதான். லிஃப்ட் சரி செய்யப் போனவர், பல் பிரிவின் கதவு திறந்திருக்கவே எட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே மூன்று நாள் பயிற்சி. இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு எப்படிப் பல் பார்ப்பது என்று ஒரு பயிற்சியாளர் திரையில் படம் காட்டிக்கொண்டிருந்தார். பல் நாற்காலியில் குழந்தைக்குப் பதிலாக ஒரு ரப்பர் பொம்மை. பொம்மை வாயைப் பிளந்து வைத்தபடி படுத்திருந்தது. ஆளாளுக்கு வந்து, "ஆ காட்டு... ரொம்ப நல்ல பிள்ளை" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

"எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. 'இந்தப் பொம்மை மாதிரி எனக்கொரு பிள்ளை இருந்தா நான் ஏன் சார் உங்க வாசல்ல நிக்கப் போறேன்?'னு கேட்டுட்டேன்."

"கேட்டுட்டீங்களா?"

"சத்தமாவே. அந்தப் பயிற்சியாளருக்கு முகம் செத்துப்போச்சு. 'அப்ப நீங்களே உக்காந்து காட்டுங்க'ன்னாரு. நான் விடுவேனா? பேரம் பேசிட்டேன். நாளைக்கு முழுக்க நான் பொம்மைக்குப் பதிலா உக்காருறேன், நம்ம முதலாளி என்னென்ன பண்ணுவாளோ எல்லாத்தையும் பண்ணிக் காட்டுறேன். நீங்க கத்துக்குங்க. புதன்கிழமை நிஜ முதலாளியைக் கூட்டிட்டு வரேன், நீங்க பல்லை எடுங்கன்னேன். தலைமை நர்ஸும் சரின்னுட்டாங்க."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கம்பெனி ஆண்டு விழாவில் இரண்டு முறை நாடகத்தில் நடித்து, இரண்டு முறையும் ஆறுதல் பரிசு வாங்கியவர். அந்த நாளிலிருந்து தன்னை ஒரு நடிகராகவே நினைத்துக்கொண்டிருப்பவர்.

"ஏங்க, நீங்க என்னிக்கு அவளைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கீங்க?"

"நீ வந்து சொல்றதை எல்லாம் கேட்டிருக்கேன்ல? அது போதும், மத்ததை நான் பாத்துக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை அவர் வெளுத்து வாங்கிவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் அத்தனையையும் மறுபடி நடித்துக் காட்டினார். நாற்காலியில் ஏற மறுத்துத் தரையில் உருண்டது, கருவித் தட்டை எட்டி உதைத்தது, தலைமை நர்ஸின் தொப்பியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தது. பல் டாக்டர் ஒரு சின்னப் பெண். அந்தப் பெண்ணின் விரலை நிஜமாகவே கடித்து, கட்டுப் போடும்படி ஆகிவிட்டது.

"விரலையா கடிச்சீங்க? முதலாளி இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்லையே!"

"கொஞ்சம் சேத்துச் சொன்னாத்தான் மனசுல பதியும். கடைசியில எப்படி அடங்கினேன் தெரியுமா? எல்லாரும் சுத்தி நின்னு கைதட்டிப் பாட்டுப் பாடினாங்க. 'சபாஷ், சிங்கக்குட்டி'ன்னாங்க. அப்படியே பெட்டிப்பாம்பா அடங்கிட்டேன். அந்தப் பயிற்சியாளர் வரிக்கு வரி எழுதிக்கிட்டாரு."

கைதட்டல் கேட்டு அடங்குவது யார் என்று அம்மாவுக்கு நன்றாகவே தெரியும். பதினான்கு வருடமாகத் தெரியும்.

"அப்புறம் ஒரு தொந்தரவு. என் வாயைத் திறந்து பாத்தப்ப அந்தப் பொண்ணு, 'சார், உங்களுக்கே ஒரு கடைவாய்ப் பல் ஆடுது, எடுத்தே ஆகணும்'னு பிடிச்சுக்கிச்சு. 'நான் இப்ப நடிப்புல இருக்கேன்மா, குறுக்க பேசாதே'ன்னு சொல்லி வந்துட்டேன்."

இந்த ஒத்திகையில் அம்மாவுக்குத் துளியும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் வேறு வழி என்ன இருக்கிறது? ஏழு மாதமா, நாளைக்கா என்று கேட்டால் நாளைக்குத்தான்.

புதன்கிழமை காலை பல் பிரிவின் கதவைத் திறந்ததும் அம்மா பார்த்த காட்சி இது. விளக்கைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். நாற்காலியைச் சுற்றித் தரையெல்லாம் தலையணை. கருவித் தட்டை மேஜையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். இரண்டு உதவியாளர்கள் முழங்கை வரைக்கும் தடித்த கையுறை மாட்டிக்கொண்டு கதவுக்கு இரு பக்கமும் நின்றார்கள். தலைமை நர்ஸ் இன்று தொப்பியே போடவில்லை. பயிற்சியாளர் கையை உயர்த்தி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றார். ஒன்பது பேர் கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள். சுருதி என்று ஒன்று இருப்பதாகவே அவர்களுக்குத் தெரியவில்லை.

முதலாளி வாசலிலேயே நின்றாள். இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். பாட்டு இன்னும் பலத்தது. சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். காதிலிருந்து ஒரு கையை எடுத்து வீங்கிய கன்னத்தில் ஓங்கிக் குத்தினாள். அம்மா பாய்ந்து நடுவில் கை கொடுத்தாள்.

"இன்னும் சத்தமா!" என்று பயிற்சியாளர் கத்தினார். "சபாஷ், சிங்கக்குட்டி!"

முதலாளி வீறிட்டாள். பாட்டு அங்கங்கே உடைந்து நின்றது. பயிற்சியாளர் தன் நோட்டைப் புரட்டினார். "நேத்து இது நல்லா வேலை செஞ்சுதே?"

"நேத்து அது இவருக்கு வேலை செஞ்சுது!" என்றாள் அம்மா. குரல் அவளையும் மீறி உயர்ந்தது. "நேத்து நீங்க பாத்தது என் பிள்ளையை இல்ல சார், என் வீட்டுக்காரரை!"

வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். பிறகு நிலைமையைச் சமாளிக்கிறேன் என்று, "இப்படி உருண்டா சரியாயிடுவா" என்று தலையணைமேல் ஒரு முறை உருண்டு காட்டினார். ஒருவரும் கைதட்டவில்லை. எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார்.

தலைமை நர்ஸ் பெருமூச்சு விட்டு மேஜையிலிருந்த பதிவேட்டை இழுத்தாள். அந்தப் பதிவேட்டின் அட்டையைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கண் இருட்டியது. ஏழு மாதம். இந்தக் கன்னத்தோடு, இந்தப் பாலோடு, ஏழு மாதம்.

அப்போது பல் டாக்டர், விரலில் கட்டோடு, அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தாள். முதலாளியைத் தொடவில்லை. குரலைத் தாழ்த்தி, "நீங்க சொல்லுங்கம்மா. இப்ப என்ன பண்ணலாம்?" என்றாள்.

அந்த வாக்கியத்தின் மீதிக்காக அம்மா காத்திருந்தாள். இந்த இடத்தில் வழக்கமாக, 'கையை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க' என்று வரும். இந்த முறை எதுவும் வரவில்லை. அந்தப் பெண் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் தன்னிடம் இப்படிக் கேட்பது இதுதான் முதல் முறை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"முதல்ல விளக்கை எல்லாம் போடுங்க. அரை வெளிச்சம் அவளுக்கு ஆகாது. கதவுகிட்ட நிக்கிறவங்க வெளிய போகட்டும். பாடினவங்களும் போகட்டும். அந்தத் தலையணை எல்லாத்தையும் எடுத்துடுங்க. நாற்காலி எந்த இடத்துல முடியுதுன்னு அவளுக்குத் தெரியணும்."

ஒவ்வொன்றும் நடந்தது. தலைமை நர்ஸே தலையணைகளை அள்ளிக்கொண்டு போனாள். அறை காலியாகி, வெளிச்சமாகி, அமைதியானது. முதலாளி காதிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்புறம்?" என்றாள் பல் டாக்டர்.

"புதுசா எது பண்ணினாலும் அவ கண் முன்னால முதல்ல இன்னொருத்தருக்கு முழுசா நடக்கணும் டாக்டர். பாதியில விட்டா ஒத்துக்க மாட்டா. பொய்யா நடிச்சா உடனே கண்டுபிடிச்சுடுவா. என் முடி இப்படிக் காதுக்கு மேல நிக்கிறது ஃபேஷன்னு நினைச்சீங்களா? அவளுக்கு ஒவ்வொரு தடவை முடி வெட்டுறதுக்கு முன்னாலயும் எனக்கு வெட்டியாகணும்."

"அப்ப பொம்மைக்குப் பண்ணிக் காட்டினா?" என்று பயிற்சியாளர் ஆவலோடு கேட்டார்.

"பொம்மைக்கு எங்க சார் வலிக்குது? நிஜமா ஒருத்தருக்குப் பல் எடுக்கணும்."

அறையில் மிச்சமிருந்த நான்கு தலைகளும் ஒரே பக்கமாகத் திரும்பின. வீட்டுக்காரர் முதலில் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். சுவர்தான் இருந்தது.

"மூணாவது மாடி லிஃப்ட் ஒண்ணு பாக்க வேண்டியிருக்கு" என்றார்.

"அது நேத்தே சரியாயிடுச்சு" என்றாள் தலைமை நர்ஸ்.

"அந்தப் பல்லு அவ்வளவா ஒண்ணும் ஆடல..."

"ஏங்க" என்றாள் அம்மா. முதலாளி பக்கம் கண்ணைக் காட்டினாள். வீட்டுக்காரர் மகளைப் பார்த்தார். அந்தக் கன்னத்தை, அதன்மேல் பதிந்திருந்த நான்கு விரல் முட்டிகளின் தடத்தை, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் ஏறிப் படுத்தார். நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இதில் நடிப்பு ஒரு சொட்டும் இல்லை.

"இன்னொண்ணு டாக்டர்" என்றாள் அம்மா. "உள்ளங்கையை விரிச்சுக் காட்டினா நிறுத்தணும். அந்த நொடியே நிறுத்தணும். 'இதோ முடிஞ்சுது, ஒரே நிமிஷம்'னு ஒரு பேச்சும் கூடாது. வீட்ல எங்க ரெண்டு பேருக்கும் அதுதான் சட்டம்."

"சரி" என்றாள் பல் டாக்டர்.

முதலாளி மெல்ல எழுந்து, நாற்காலிக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

பல் டாக்டர் வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் கையில் எடுத்ததுமே வீட்டுக்காரரின் உள்ளங்கை விரிந்தது. பல் டாக்டர் நிறுத்தினாள். காத்திருந்தாள். கை இறங்கியது. கண்ணாடி வாய்க்குள் போனது, கை விரிந்தது, நிறுத்தினாள். மரத்துப் போகிற களிம்பைத் தடவ வந்தாள், கை. ஊசியை எடுத்தாள், இரண்டு கையும். ஒவ்வொரு முறையும் நிறுத்தினாள், ஒவ்வொரு முறையும் அது தானாக இறங்கும்வரை பேசாமல் காத்திருந்தாள். பல் வெளியே வருவதற்குள் பதினேழு முறை. நேற்று நாள் முழுக்க அவர் போட்ட நாடகத்தில் இல்லாத ஒன்றை அவருடைய அசல் பயம் இருபத்தைந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டது. முதலாளி முதலில் அப்பாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காவது முறைக்குப் பிறகு அவள் கண் அந்த உள்ளங்கையையும் டாக்டரின் கையையும் மாறி மாறிப் பார்த்தது. அம்மா அதைக் கவனித்தாள்.

வாய் நிறையப் பஞ்சோடு வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். முதலாளி கிட்டே வந்து, அவர் வாயை விரலால் இழுத்துத் திறந்து, பல் இருந்த இடத்தில் பள்ளம் இருக்கிறதா என்று சோதித்தாள். இருந்தது. அப்பாவின் தோளைப் பிடித்துத் தள்ளினாள். இடத்தைக் காலி பண்ணு என்று அர்த்தம். அவர் இறங்கினார், அவள் ஏறிப் படுத்தாள்.

கண்ணாடி கிட்டே வந்தது. முதலாளி உள்ளங்கையை விரித்தாள். கண்ணாடி நின்றது. இறக்கினாள். வந்தது. விரித்தாள். நின்றது. இப்படி ஆறு முறை, வேண்டுமென்றே சோதித்துப் பார்த்தாள். வீட்டுக்காரர் பஞ்சுக்குள்ளிருந்து எதையோ பெருமையாகச் சொன்னார், ஒருவருக்கும் விளங்கவில்லை. ஏழாவது முறை கை விரியவில்லை. களிம்புக்கும் விரியவில்லை.

ஊசி ஈறைத் தொட்டதும் முதலாளி அறை அதிர அலறினாள். உள்ளங்கை விருட்டென்று விரிந்தது.

அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இந்த இடத்தில்தான் எல்லோரும் அழுத்துவார்கள். பாதி வந்தாயிற்று, இன்னும் ஒரு நிமிடம்தான், பிள்ளையின் நன்மைக்குத்தானே என்பார்கள். நாலு கை வரும், பிள்ளை துள்ளும், எல்லாம் பாழாகும். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தாள். பல் டாக்டர் ஊசியை வெளியே எடுத்து, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயிற்சியாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைமை நர்ஸ் அவர் காலை மிதித்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம் போனது. முதலாளியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அவள் டாக்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மடியைவிட்டு அசையவில்லை. பிறகு தன் உள்ளங்கையை இறக்கி வயிற்றின்மேல் வைத்தாள். யாரும் சொல்லாமல் வாயைத் திறந்தாள்.

அம்மா அப்போது அழுதுவிட்டாள். அடக்கவும் முயற்சி செய்யவில்லை. வீட்டுக்கு வெளியேயும் நிறுத்து என்றால் நிறுத்துவார்கள் என்பது தெரிய இந்தப் பிள்ளைக்கு ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது.

மரத்துப் போன பிறகு பல் ஒரு திருகில் வந்துவிட்டது. முதலாளி அதைத் தட்டில் அப்பாவின் பல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். திருப்தியில்லை. இடத்தை மாற்றி வைத்தாள். இப்போது சரி.

பயிற்சியாளர் அம்மாவைத் தேடி வந்தார். அவர் முகத்தில் இரண்டு நாளாக இருந்த மிடுக்கு காணாமல் போயிருந்தது. கையில் அந்த வரிசைப் பட்டியல்.

"அம்மா, ஒரு உதவி. இதுல அடுத்தது பதினோரு வயசுப் பையன். எந்த அறைக்குள்ளயும் வர மாட்டேங்கிறானாம், வாசல்லயே நின்னுடுவானாம். அவனுக்கு என்ன பண்ணலாம், நீங்க சொல்லுங்க."

"எனக்கு எப்படி சார் தெரியும்? அவன் அம்மாவைக் கேட்டீங்களா?"

பயிற்சியாளர் பட்டியலைப் பார்த்தார். தலைமை நர்ஸைப் பார்த்தார். நாற்பத்திமூன்று பெயருக்கு எதிரிலும் தொலைபேசி எண் இருந்தது, தேதி மாறினால் சொல்வதற்காக.

தலைமை நர்ஸ் எண்ணை அழுத்தி, போனை அவர் கையில் திணித்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வணக்கம்மா, ஆஸ்பத்திரியிலேருந்து பேசுறேன். இல்ல, இல்ல, தேதி தள்ளிப் போகல. உங்க பையனுக்குப் பல் பாக்கணும்னா நாங்க என்ன பண்ணணும்னு உங்களைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். "நிஜமாவா கேக்குறீங்க?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. "நிஜமாத்தான்மா" என்றார். பிறகு அந்தக் குரல் பேசத் தொடங்கியது. மூச்சு விடாமல் பேசியது. பயிற்சியாளர் பட்டியலின் ஓரத்தில் எழுதினார், இடம் போதாமல் பின்பக்கம் திருப்பி எழுதினார். அதுவும் நிறைந்துபோக, தலைமை நர்ஸைப் பார்த்து இன்னொரு காகிதம் வேண்டும் என்று சைகை செய்தார்.